கூரை இல்லாத ஐப்பசி

மாடிப்படியின் ஏழாவது படியில் வெயில் விழுந்திருந்தது. அந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து அந்தப் படியில் நான் வெயிலைக் கண்டதில்லை. பகலிலும் லைட்டைப் போட்டுக்கொண்டுதான் ஏறவேண்டும். இப்போது கம்பளத்தின் மேல் ஒரு பாய் அகலத்துக்கு மஞ்சள் வெயில் கிடந்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடாக இருந்தது. தேநீர்க் கோப்பையோடு அதிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் உள்ளே வந்ததற்குக் காரணம் எளியது. மேலே கூரை இல்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. லண்டன் குட்மேய்ஸில் நாங்கள் வீடு வாங்கிய கதையை முன்பே எழுதிவிட்டேன். அந்த வீட்டுக்கு அந்த ஐப்பசியில் ஓடும் இல்லை, மரமும் இல்லை. ஒரு நீலத் தறப்பாளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தோம். காலையில் அதை ஒரு பக்கம் சுருட்டிவிட்டால் லண்டன் வானம் நேரே மாடிப்படிக்கு இறங்கிவரும்.

எங்கள் ஊரில் ஐப்பசி என்றால் மழை. லண்டனிலும் மழைதான், கூடவே குளிரும் காற்றும். இரண்டு ஊரிலும் இருந்து பார்த்த பிறகும், இந்த மாதம் பார்த்து வீட்டுக் கூரையைக் கழற்றிய புத்திசாலி யார் என்று கேட்பீர்கள். நான்தான்.

நாள் பார்த்த கதை

யோகண்ணை பிளேஸ்டோவில் இருப்பவர். சுவிஸில் பல வருடம் கட்டட வேலை செய்துவிட்டு லண்டன் வந்தவர். லொஃப்ட்டை, கூரைக்குக் கீழுள்ள பரணை, அறையாக மாற்றுவதில் கெட்டிக்காரர் என்று பெயர். கோடை நடுவில் வந்து வீட்டை மேலும் கீழும் அளந்து பார்த்தார்.

"கூரை மரம் முழுக்க உக்கிப்போச்சு. எல்லாத்தையும் கழட்டிப்போட்டுப் புதுசாத்தான் போடவேணும். வாற திங்கள் துவங்குவம் தங்கச்சி. நல்ல வெய்யில்."

"ஆடியிலையோ அண்ணை?" என்றேன்.

எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், இலங்கையிலிருந்து வரும் நாட்காட்டி ஒன்று தொங்கும். அதைப் பார்க்காமல் நான் தலைக்கு எண்ணெய்கூட வைத்ததில்லை. என் கணவர் என்னைப் 'பஞ்சாங்கம்' என்று கூப்பிடுவது சும்மா இல்லை. ஆடியில் வீட்டு வேலை தொடங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆவணி பிறக்கட்டும் என்றேன்.

ஆவணி பிறந்து மூன்றாம் நாள் ஊரில் இவருடைய பெரியப்பா ஒருவர் காலமானார். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. அது முடியும்போது புரட்டாசி. புரட்டாசியிலும் கூடாது. மிஞ்சியது ஐப்பசி.

"ஐப்பசியிலை கூரையைக் கழட்டுறதோ? விசரே உமக்கு?" என்று இவர் கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். மனிசன் கத்தியிருந்தால் நானும் கத்தி, இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்திருப்போம். அவர் கத்தும் ஆள் இல்லை.

பக்கத்து வீட்டு மிஸ்டர் மாணிக்கம் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, இங்கேயே சிவில் எஞ்சினியராக வேலையில் அமர்ந்தவர். மலேசியத் தமிழர். வேலிக்கு மேலால் அவரும் சொல்லிப் பார்த்தார்.

"ஏம்மா, நல்ல நேரம் கெட்ட நேரமெல்லாம் அங்க உள்ள சூரியனுக்குப் போட்டது. இங்க சூரியன் உதிக்கிற நேரமே வேற."

"ராகுவுக்கு விசா தேவையில்லை" என்றேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒன்றரை மணித்தியாலம்

லொஃப்ட் அறையை ஏன் அடுத்த கோடைவரை தள்ளிப்போட முடியவில்லை என்று சொல்லவேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

லண்டனுக்கு முன் நாங்கள் ஜெர்மனியில் இருந்தோம். இவருடைய தம்பி குகனும் அங்கேதான், ரெயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் இருந்தான். கூரை வேலை படித்து, ஒரு ஜெர்மன்காரரிடம் ஓடு போடும் வேலையில் இருந்தான். ரோசக்காரன். கொடுத்ததை மறக்கமாட்டான், கொடுக்காததையும் மறக்கமாட்டான்.

அவனுடைய கலியாணம் ஒரு சனிக்கிழமை. முகூர்த்தம் பதினொரு மணிக்குள். ஊரில் சண்டை நடந்த காலம், மாமா மாமி வர வழியில்லை. தகப்பன் நிற்கவேண்டிய இடத்தில் அண்ணன் நிற்பதாக ஏற்பாடு. நாங்கள் ஒன்பதேகாலுக்கு வீட்டை விட்டு இறங்கவேண்டும்.

சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பது தொடக்கம் பத்தரை.

விடிய எழும்பி எட்டரைக்கே போயிருக்கலாம். நான் சேலையோடும் எங்கள் இரண்டு மகள்மாரின் தலைப்பின்னலோடும் மல்லுக்கட்டி முடிக்க ஒன்பது தாண்டிவிட்டது. பிறகு நான் அசையவில்லை. நல்ல காரியத்துக்குப் போகும்போது ராகுகாலத்தில் வாசலைத் தாண்டினால் குகனுக்குத்தான் கூடாது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். இவர் சப்பாத்தைப் போட்டபடி கதவடியில் நின்றார். ஒன்றரை மணித்தியாலமும் நின்றார்.

நாங்கள் மண்டபத்துக்குள் போனபோது பந்தி தொடங்கியிருந்தது. தாலி கட்டியாகிவிட்டது. இவர் நிற்கவேண்டிய இடத்தில் குகனோடு வேலை செய்யும் ஒருவர் நின்றாராம். குகன் மாலையோடு எங்களிடம் வந்தான். "சாப்பிட்டிட்டுப் போங்கோ அண்ணி" என்றான். ஊரில் அயலட்டைச் சனத்துக்குச் சொல்வதுபோலச் சொன்னான். அதற்குப் பிறகு ஒன்பது வருடம் பேச்சில்லை.

அந்த ஐப்பசி வரைக்கும் இவர் ஒருநாளும் எனக்கு அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நானும் குகனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க நாட்காட்டியில் எனக்கு ஒரு நல்ல நாளும் அகப்படவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பாவின் சாவு அறிவிக்கத்தான் குகன் ஆவணியில் ரெலிபோன் எடுத்தான். அண்ணனும் தம்பியும் செத்தவரைப் பற்றி ஐந்து நிமிடம் கதைத்தார்கள். பிறகு குகன் சொன்னான், பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வரப்போகிறானாம், ஒக்டோபர் கடைசிச் சனி. கூரை வேலைதானே, எங்கேயும் கிடைக்கும்.

"இஞ்சை வா. மேலை ரூம் கட்டுறம். அது உனக்குத்தான்" என்று இவர் சொல்லிவிட்டார். என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

"ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ அண்ணை. லூயிஷாமிலை சுதான்ரை சித்தப்பா வீடு இருக்கு" என்றானாம் குகன். சுதா அவன் மனைவி. லூயிஷாம் லண்டனிலேயே மற்றப் பக்கம். ரிசீவரை வைத்துவிட்டு இவர் எனக்கு அதை இரண்டுதரம் சொன்னார். இந்தமுறையும் பிசகினால் அவன் லூயிஷாமுக்குப் போய்விடுவான், பிறகு சாவீட்டுக்கும் கதைக்கமாட்டான் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

வானத்தை நம்பிய வீடு

ஐப்பசி இரண்டாம் நாள், நல்ல நேரத்தில், யோகண்ணை முதல் ஓட்டைக் கழற்றினார். எட்டு நாளில் மூடிவிடுவேன் என்றார். எட்டு நாளுக்காக மேலே தகரப் பந்தல் போடுவானேன் என்று தறப்பாளோடு விட்டோம்.

ஐந்தாம் நாள் இரும்பு பீம் வந்து இறங்கியது. தூக்கி வைத்துப் பார்த்தால் ஒரு சாண் கட்டை, நீளம் போதவில்லை.

"அளந்தது ஆர் அண்ணை?" என்றேன்.

"நான்தான் தங்கச்சி. வேறை ஆற்றை தலையிலை போடுறது?" என்று யோகண்ணை தலையைச் சொறிந்தார். புதிது செய்து வரப் பத்து நாளாவது ஆகும். பீம் இல்லாமல் மரம் வைக்க ஏலாது, மரம் இல்லாமல் ஓடு இல்லை. வீடு அப்படியே வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

இனித்தான் அந்த வெயிலைச் சொல்லவேண்டும். புரட்டாசி நடுவிலேயே மழை நின்றுவிட்டது. ஐப்பசி பிறந்தும் வரவில்லை. காலையில் கொஞ்சம் பனிப்புகார், ஒன்பது மணிக்கெல்லாம் அதுவும் கலைந்து, துடைத்துவிட்ட மாதிரி நீல வானம். சனம் மடித்து வைத்த கோடைச் சட்டைகளைத் திரும்ப எடுத்துப் போட்டது. ஐஸ்கிரீம் வான் வண்டி பாட்டோடு எங்கள் தெருவுக்குள் வந்துபோனது. கொடியில் போட்ட துணி மத்தியானத்துக்குள் மொரமொரவென்று காய்ந்தது. மரத்திலிருந்து விழுந்த இலைகள் சேறாகாமல் அப்பளம்போல் கிடந்தன. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அவற்றை நொறுக்குவதற்காகவே ஓரமாக நடப்பார்கள்.

நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தேன். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தால் மாடிப்படியில் என் வெயில் காத்திருக்கும். பயத்தோடு பயமாக ஒரு சந்தோஷமும் இருந்தது என்பதை மறைக்கமாட்டேன். மிளகாய் வாங்கி மேல்தளப் பலகையில் பேப்பர் விரித்துக் காயப்போட்டேன். யோகண்ணை தும்மித் தும்மி என்னைத் திட்டினார்.

இவருக்கு வீட்டைச் சூடாக்கும் ஹீற்றிங் போய்லர் திருத்தும் வேலை. வழக்கமாக ஐப்பசியில் நிற்க நேரமிராது. அந்த வருடம் ஒருவரும் ஹீற்றிங்கைப் போடவில்லை, ஆகவே ஒருவருடைய போய்லரும் பழுதாகவில்லை. மனிசன் வீட்டில் இருந்து வானத்தைப் பார்த்தபடி நடந்தார். ரேடியோவில் வானிலை சொல்லும்போது எல்லோரையும் வாயை மூடச் சொல்வார்.

மிஸ்டர் மாணிக்கம் வீட்டில் காற்றழுத்தம் காட்டும் ஒரு வட்டக் கருவி இருந்தது. ஒவ்வொரு காலையும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு வேலியடிக்கு வருவார். "வியாழக்கிழம கண்டிப்பா மழ வரும்மா. எழுதி வச்சுக்குங்க." வியாழன் வரும், வெள்ளி வரும், வெயில்தான் வரும். "அந்தக் கருவிக்கு வயசாயிடுச்சு" என்று கடைசியில் அவரே ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை நெருங்கியது.

"ஒருக்கா குகனுக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கோவன், ரூம் முடியேல்லை எண்டு" என்று இவரிடம் சொன்னேன்.

"எப்பிடிச் சொல்லுறது? அண்டைக்கு ராகுகாலம், இண்டைக்கு இரும்பு பீம். சாட்டுச் சொல்லுறம் எண்டுதான் நினைப்பான்."

"நான் சொல்லட்டோ?"

"நீரோ?" என்று மட்டும் கேட்டார். ஒன்பது வருடத்தில் அவர் எனக்குச் சொல்லிக் காட்டியது அந்த ஒரு சொல்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரும் பார்த்துவிட்டுத் தறப்பாள் கயிற்றை இறுக்கப் போவதுபோல் மேலே போய்விட்டார்.

எங்கள் அறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நாங்கள் கீழே வரவேற்பறையில் படுப்பது என்று முடிவு செய்தோம். போர்வை தலையணை எல்லாம் தோய்த்து வெயிலில் போட்டேன். அவையாவது மணக்கட்டும் என்று நினைத்தேன்.

மூலையில் நின்ற வான்

அந்தச் சனிக்கிழமை ஒரு முகில்கூட இல்லை. எட்டு மணிக்கே ஏணியில் ஏறி மேல்தளத்துக்குப் போனேன். கூரை இல்லாத வீட்டில் ஒரு வசதி, தெருவின் மூலை வரைக்கும் பார்க்கலாம். பலகைத்தூளைக் கூட்டுவதுபோல ஒரே இடத்தையே கூட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தேன்.

குகன் இரவிரவாக வாகனம் ஓட்டி, காலைக் கப்பலில் இந்தப் பக்கம் இறங்குவதாகச் சொல்லியிருந்தான். ஒன்பது, ஒன்பதரைக்கு வரலாம் என்று கணக்குப் போட்டோம்.

ஒன்பது மணி கழிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு வெள்ளை வான் வந்து மூலையில் பஸ் தரிப்புக்கு இப்பால் நின்றது. ஒருவரும் இறங்கவில்லை. யாருக்கோ சோபா கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்சத்தில் ஓர் ஆள் மட்டும் இறங்கி வானில் சாய்ந்துகொண்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்து எங்கள் வீட்டையே பார்த்தான். கன நேரம் பார்த்தான். எனக்குக் கோபம் வந்தது. கூரை இல்லாத வீட்டை நின்று விடுப்புப் பார்க்க உனக்கு வேறு வேலை இல்லையா என்று மனதுக்குள் ஏசிவிட்டு மற்றப் பக்கம் போய்க் கூட்டினேன்.

பத்து மணியும் ஆனது. இவர் வாசலுக்கும் குசினிக்கும் நடந்தார். "லூயிஷாமுக்குப் போட்டான்" என்று கீழிருந்து சொன்னார். நான் ஏணியால் இறங்கிவந்து, ஆறிப்போன இடியப்பத்தை மூடி வைத்தேன்.

பெல் அடித்தது.

பத்தரை

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். குகன் நின்றான். முன்தலை முடி கொட்டி வெளித்திருந்தது. பின்னால் சுதா, கையில் சின்னவள், பக்கத்தில் மூத்தவள், எட்டு வயது அபி.

"சுகமோ அண்ணி?" என்றான். எனக்குப் பின்னால் வந்து நின்ற அண்ணனைப் பார்த்தான். அண்ணனும் தம்பியைப் பார்த்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு என்ன சொல்வார்களோ என்று கதவைப் பிடித்தபடி நின்றேன்.

"அண்ணை, உந்தத் தறப்பாளை ஆர் கட்டினது?"

"நான்தான். ஏன்?"

"தலைகீழாக் கட்டியிருக்கிறியள். மழை பெய்திருந்தால் தண்ணி முழுக்க வீட்டுக்கைதான்."

இவர் சிரிக்கத் தொடங்கினார். அப்படிச் சிரித்து நான் பார்த்துக் கன காலம். இரண்டு பேரும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஏணியில் ஏறினார்கள்.

அபி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பெரியம்மா, டொய்லெற் எங்கை? கெதியா."

காட்டினேன். ஓடிப்போய் வந்தவளுக்கு முகம் தெளிந்திருந்தது. "வழியிலை எங்கையும் நிப்பாட்டேல்லையோ ராசாத்தி?" என்று கேட்டேன்.

"நிப்பாட்டினது. ஆனால் பிறகு உங்கடை ரோட்டிலை கன நேரம் வானுக்கை இருந்தனாங்கள். அப்பா இறங்க விடேல்லை. பத்தரை வரைக்கும் பெரியம்மாக்குக் கூடாத நேரமாம்."

சுதா பிள்ளையின் வாயைப் பொத்தப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் நாட்காட்டி ஞாபகம் வந்தது. சனிக்கிழமை. ஒன்பது தொடக்கம் பத்தரை. அன்று காலை எழும்பியதிலிருந்து நான் அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. ஒன்பது மணிக்கு அவன் வந்திருந்தால் ராகுகாலம் என்றும் பாராமல் அவனை அழைக்கத் தெருவரைக்கும் ஓடியிருப்பேன். மூலையில் வானில் சாய்ந்து நின்று, கூரை இல்லாத எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளை மேலே நின்று ஏசியதும் நான்தான்.

இரண்டு கோப்பை தேநீரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். குகன் பழைய சுவர் விளிம்பில் குந்தியிருந்து யோகண்ணை அடுக்கிய மரங்களைக் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பீம் திங்கட்கிழமை வந்தால் நாலு நாளில் மூடிவிடலாம் என்று அண்ணனுக்குச் சொன்னான். அறை இல்லை என்று அவன் முகம் சுருங்கவே இல்லை. கிட்டத்தட்ட ஒன்றரை மணித்தியாலம் மூலையில் நின்று அந்த வேலையைத்தான் கணக்குப் போட்டிருக்கிறான்.

கோப்பையைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "இரவு முழுக்க வான் ஓடிவந்து, பிள்ளையளையும் வைச்சுக்கொண்டு, ஏன் தம்பி மூலையிலை நிண்டனீர்?"

அவன் தேநீரை ஊதினான். "கதவைத் திறக்கேக்கை உங்கடை மனம் குழம்பக்கூடாது அண்ணி. அதுக்குத்தான்."

கேலியோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. வெயில் கண்ணில் அடித்ததால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, களைத்துப்போய் இருந்தான்.

"அண்டைக்கு நான் பிந்தினது பிழை தம்பி. என்னை மன்னியும்" என்றேன். ஒன்பது வருடம் நல்ல நாள் தேடிய வார்த்தை, மிளகாய்க்கும் பலகைத்தூளுக்கும் நடுவில் நின்றபடி வந்துவிட்டது. குகன் தலையை மட்டும் ஆட்டினான். இவர் மற்றப் பக்கம் திரும்பி, வானத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பீம் சரியான அளவில் வந்தது. யோகண்ணை, இவர், குகன் மூன்று பேரும் சட்டையைக் கழற்றிவிட்டு, ஐப்பசி வெயிலில் வியர்க்க வியர்க்க வேலை செய்தார்கள். மிஸ்டர் மாணிக்கம் தினமும் வேலியடியில் வந்து நின்று ஆளுக்கு ஓர் அபிப்பிராயம் சொன்னார். நான் வாளியில் கயிறு கட்டித் தேநீர் அனுப்பினேன். சொன்னபடி நாலு நாளில் கூரை மூடியது. ஏழாவது படி மறுபடி இருட்டானது. அது ஒன்றுதான் எனக்குக் கவலை. மழை அதற்குப் பிறகும் இரண்டு கிழமை வரவில்லை.

குகன் குடும்பம் மூன்று மாதம் என்று வந்து ஒன்றரை வருடம் அந்த அறையில் இருந்தது. பிறகு இரண்டு தெரு தள்ளி வீடு எடுத்துப் போனார்கள். போகுமுன் மாடிப்படிக்கு நேர் மேலே கூரையை வெட்டி ஒரு கண்ணாடி யன்னல் வைத்துவிட்டுப் போனான். நான் கேட்கவில்லை. இவர் சொல்லியிருக்கவேண்டும்.

நாட்காட்டி இன்னும் குசினியில்தான் தொங்குகிறது. இன்னும் நாள் பார்க்கிறேன், இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமைகளில் ஒன்பது மணிக்கு முன் வாசற்கதவின் பூட்டைத் திறந்து வைத்துவிடுவேன். குகன் ஒன்பதேகாலுக்கு வருவான். பெல் அடிக்காமல் உள்ளே வந்து, ஏழாவது படியில் குந்திக்கொண்டு தேநீர் கேட்பான்.